கொடைக்கானல்: கால்கள் போட்ட ஊர்

கொடைக்கானலுக்கு மோட்டார் வண்டி ஏறும் சாலை 1910களின் நடுவில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குள் ஊர் ஏறக்குறைய முழுதாக உருவாகிவிட்டிருந்தது. ஏரிக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது. கோக்கர்ஸ் வாக் என்ற மலைவிளிம்பு நடைவழியில் நாற்பது ஆண்டுகளாக மக்கள் உலாவிக்கொண்டிருந்தார்கள். செண்பகனூரில் இயேசு சபையின் குருமடம், மலை உச்சியில் சூரிய ஆய்வகம், அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி என்று எல்லாமே சாலைக்கு முந்தியவை. கடிதக் கட்டு முதல் கட்டில் வரை, சன்னல் கண்ணாடி முதல் தொலைநோக்கியின் வில்லை வரை, சமவெளியிலிருந்து இந்த ஊருக்கு வந்ததெல்லாம் மனிதர் தோளிலும் தலையிலும் குதிரை முதுகிலும் ஏறித்தான் வந்தன.

இன்று கொடைக்கானலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேனில் ஏறி, தூண்பாறை, பைன் காடு, பசுமைப் பள்ளத்தாக்கு என்று ஒரே நாளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தச் சுற்றில் இருப்பவை வாகனம் நிறுத்த இடம் கிடைத்த இடங்கள். ஊர் ஏன் இங்கே அமைந்தது, ஏரி ஏன் அந்தப் பள்ளத்தில் கிடக்கிறது, மலையின் ஒரு பக்கம் மட்டும் ஏன் செங்குத்தாக அறுந்து விழுகிறது, கீழே இருக்கும் பெரியகுளத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்ற கேள்விகளுக்கு அந்தச் சுற்றில் பதில் இல்லை. அவற்றுக்கான பதில்கள் ஊரைச் சுற்றியுள்ள ஒற்றையடிப் பாதைகளிலும் பழைய நடைவழிகளிலும் இருக்கின்றன. கால்களால் உருவான ஊரைக் கால்களால்தான் விளங்கிக்கொள்ள முடியும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

வெள்ளைக்காரர்கள் இந்த மலையைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பழனி மலைத்தொடரில் மனிதர் நடமாட்டம் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. கொடைக்கானலிலிருந்து கிழக்கே தாண்டிக்குடிப் பக்கத்திலும், பேத்துப்பாறையிலும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையை மூடியாகப் போட்ட கற்திட்டைகள் இருக்கின்றன. செண்பகனூரில் இருந்த இயேசு சபைத் துறவிகளான ஆங்கிலேட், நியூட்டன் இருவரும் இவற்றை ஊர் ஊராகத் தேடிப் போய் அளந்து ஆராய்ந்தார்கள். அவர்களின் ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. அவ்வளவு பெரிய கற்களை மலைச்சரிவில் நகர்த்தி நிறுத்தியவர்களுக்குப் பாதை இல்லாமலா இருந்திருக்கும்? பிற்காலத்தில் பளியர்களும் மலைப்புலையர்களும், சமவெளியிலிருந்து ஏறிவந்து பூம்பாறை, வில்பட்டி, வெள்ளகவி போன்ற ஊர்களில் படிக்கட்டு வயல் அமைத்த குன்னுவர்களும் புழங்கிய தடங்கள்தான் இந்த மலையின் முதல் வரைபடம்.

ஆங்கிலேயர் வந்ததும் அந்தத் தடங்கள் வழியாகத்தான். 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவையாளர் வெள்ளகவி கிராமத்தில் தங்கி, அங்கிருந்து மேலே ஏறி இந்தப் பீடபூமியை அளந்தார். அவர் புதிதாக வழி வெட்டவில்லை. வெள்ளகவிக்காரர்கள் நடந்த வழியில் நடந்தார். 1834இல் மதுரையின் துணை ஆட்சியர் ராட்டன் தேவதானப்பட்டிப் பக்கமாக ஏறி வந்து செண்பகனூர் அருகே ஒரு சிறு பங்களா கட்டினார். 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைப் பார்த்துக் குறிப்பெழுதினார். இவர்களில் யாரும் ஊர் அமைக்கவில்லை. ஊர் அமைந்ததற்குக் காரணம் காய்ச்சல்.

மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் நோயில் தங்கள் பிள்ளைகளையும் துணைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பைத் தேற்றிக்கொள்ள முதலில் அவர்கள் நாடியது திண்டுக்கல் அருகேயுள்ள சிறுமலையை. அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதற்கும் மேலே, காய்ச்சலுக்கு எட்டாத உயரம் வேண்டும் என்று தேடியபோது பழனி மலை கண்ணில் பட்டது. 1845இல் இரண்டு வீடுகள் எழுந்தன: சன்னிசைடு, ஷெல்டன். கொடைக்கானல் என்ற குடியிருப்பின் தொடக்கம் அந்த இரண்டு வீடுகள்தான். உதகமண்டலம் போல அரசாங்கம் திட்டமிட்டு எழுப்பிய கோடைத் தலைநகராக இது தொடங்கவில்லை. பிழைத்தால் போதும் என்று ஏறி வந்தவர்களின் ஊர் இது. அந்தச் சிறிய, ஒதுங்கிய தன்மை வெகுகாலம் நீடித்ததற்கு இன்னொரு காரணம், வருவது அவ்வளவு கடினமாக இருந்தது.

எவ்வளவு கடினம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1875இல் ரயில் பாதை வந்தபின் அம்மையநாயக்கனூரில், இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தில், இறங்க வேண்டும். அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் குலுங்கியபடி பெரியகுளம் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்கு வந்து சேர வேண்டும். வண்டி அதோடு நின்றுவிடும். அதன்பின் பத்து மைலுக்கு மேல் நீளும் ஏற்றம். முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து இரண்டாயிரத்து நூறு மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு மீட்டர், வளைந்து வளைந்து போகும் குதிரைத் தடம். வசதியுள்ள ஆண்கள் குதிரையில் போனார்கள். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் டோலியில் போனார்கள். டோலி தானாக ஏறுவதில்லை. மூங்கில் கழியைத் தோளில் தாங்கி, ஆள் மாற்றி ஆள் மாற்றி, சுமந்துகொண்டு ஏறியவர்கள் அடிவாரத்து ஊர்களின் கூலி ஆட்கள். அந்த வழிக்கே ‘கூலி காட்’, அதாவது கூலிகளின் மலைவழி, என்று ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள்.

கொடைக்கானலில் ஆட்சியர், பொறியாளர், வன அதிகாரி, ஆளுநர் என்று அதிகாரிகளின் பெயரில் சாலையும் பூங்காவும் காட்சிமுனையும் இருக்கின்றன. ஊரையே தோளில் சுமந்து ஏற்றியவர்களில் ஒருவர் பெயரும் எங்கேயும் எழுதப்படவில்லை. அவர்களுக்கு மிஞ்சிய ஒரே நினைவுச்சின்னம் அந்த வழிதான். அதன் பெரும்பகுதி இப்போது புதர் மண்டியும், தோட்ட வேலிகளுக்குள் அகப்பட்டும் கிடக்கிறது. எனக்கு இது மிகப் பெரிய குறையாகவே படுகிறது.

மேலே வந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு சதுப்பு நிலம். சுற்றிலும் புல் மேடுகள், அவற்றுக்கு இடையே மடிப்பு மடிப்பாகச் சோலைக்காடுகள், நடுவில் ஓடைகள் கலக்கும் சேற்றுப் பள்ளம். மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அந்த ஓடைக்குக் குறுக்கே கரை கட்டினார். தண்ணீர் பின்வாங்கி, மேடுகளுக்கு இடையேயிருந்த ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஏறியது. ஏரி விரல் விரித்த மாதிரி, நட்சத்திர வடிவில் கிடப்பதற்குக் காரணம் அதுதான். ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள் இதைக் கால்களால் உணரலாம். சுமார் அறுபது ஏக்கர் பரப்புள்ள நீர்நிலையைச் சுற்ற ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது. வட்டமான ஏரியாக இருந்தால் பாதித் தொலைவுக்கும் குறைவில் முடிந்திருக்கும். பாதை உள்ளே வளைந்து போகும் ஒவ்வொரு இடமும் ஒரு காலத்தில் ஓர் ஓடை வந்து சேர்ந்த வாய். சில வளைவுகளில் இன்னும் நீர்க்கோரையும் சேறும் தெரியும். அவற்றைக் குப்பை சேர்ந்த மூலைகள் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். ஏரியின் உயிர் அந்த மூலைகளில்தான் இருக்கிறது. மழைநீர் மண்ணை வடித்துவிட்டு ஏரிக்குள் நுழைவது அங்கே. ஏரிக்கு மேலுள்ள சரிவுகளில் விடுதிகள் பெருகப் பெருக, அதே வாய்களின் வழியாகக் கழிவுநீரும் வந்து சேர்கிறது.

ஏரியில் நிறைந்து வழியும் நீர் எங்கே போகிறது என்று பார்த்தால் ஊரின் நிலவியல் பாதி புரிந்துவிடும். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து சாலையில் ஏறி வரும்போது, ஊருக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வெள்ளி அருவி என்று எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் இடம் இருக்கிறதே, அங்கே விழுவது ஏரியிலிருந்து வழிந்த நீர்தான். படகில் போகும்போது கையை விட்டு அளைந்த தண்ணீர் பின்னொரு நாள் அந்தப் பாறையில் விழுந்துகொண்டிருக்கும்.

ஏரியைச் சுற்றிய நடையைக் காலை ஆறரை மணிக்கு முன்னால் தொடங்கிவிடுவது நல்லது. வாடகைச் சைக்கிளும் குதிரைகளும் கார்களும் வந்தபின் நடப்பவருக்கு அங்கே இடமில்லை. சனவரியில் அந்த நேரத்தில் கரையோரப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதையும், ஏரியின் மேல் ஆவி எழும்புவதையும் பார்க்கலாம்.

கோக்கர்ஸ் வாக் வேறு வகை நடைவழி. இது எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக வெட்டப்பட்டதல்ல. இராணுவப் பொறியாளரான லெப்டினன்ட் கோக்கர் 1872இல் மலையின் விளிம்பை ஒட்டி, உலாவுவதற்கென்றே இதை அமைத்தார். கொடைக்கானலின் விரிவான வரைபடம் ஒன்றைத் தயாரித்தவரும் அவரே. மலையை அங்குலம் அங்குலமாக அளந்தவர் என்பதால் எந்த இடத்தில் நின்றால் என்ன தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு கிலோமீட்டர்தான் நீளம். டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்து, இருபது நிமிடத்தில் மறுபக்கம் வெளியே வந்துவிடலாம். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரில் பழனி மலையின் உடற்கூறு முழுவதும் தெரிகிறது. இந்த மலைத்தொடரின் தெற்கு விளிம்பு சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆன மதில். வடக்கே பழனிப் பக்கம் மலை படிப்படியாகத் தாழ்கிறது. தெற்கே சுவர் போல அறுந்து விழுகிறது. கோக்கர்ஸ் வாக் அந்தச் சுவரின் மேல் விளிம்பு. கீழே பாம்பார் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் பெரியகுளத்துக் கண்மாய்களும் தோப்புகளும், தெளிந்த நாளில் இன்னும் தொலைவில் மதுரைப் பக்கத்துச் சமவெளி.

பலரும் பதினொரு மணிக்கு மேல் அங்கே போய், வெள்ளைச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று ஏமாந்து திரும்புகிறார்கள். அது அவர்களின் துரதிர்ஷ்டம் அல்ல, அந்த இடத்தின் இயல்பு. காலை வெயிலில் கீழே சமவெளி சூடாகிறது. சூடான ஈரக்காற்று மலைச்சுவரின் மேல் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, விளிம்பை எட்டும் நேரத்தில் மூடுபனியாகத் திரள்கிறது. விடிந்து ஓரிரு மணி நேரம் வரைதான் அந்தச் சுவர் சுத்தமாக இருக்கும். அதே பனியால் ஓர் அரிய காட்சியும் கிடைப்பதுண்டு. முதுகுப் பக்கம் தாழ்ந்த வெயிலும் எதிரே பனித்திரையும் ஒன்றாக அமைந்தால், பார்ப்பவரின் நிழலே பூதாகரமாக, தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு, பனியின் மேல் நிற்கும். ஜெர்மனியின் பிராக்கன் சிகரத்தின் பெயரால் பிராக்கன் நிழல் என்று இதைச் சொல்வார்கள்.

கோக்கர்ஸ் வாக்குக்கு அருகில் மலைச்சரிவில் இருக்கும் சலேத் மாதா ஆலயத்தையும் எட்டிப் பார்க்கலாம். 1866இல் கட்டப்பட்டது. ஆகஸ்ட் நடுவில் நடக்கும் அதன் திருவிழாவில் தேர் ஊர்த்தெருக்களில் பவனி வரும்போது, மதம் பார்க்காமல் ஊரே கூடவே நடக்கிறது.

ஏரியிலிருந்து மேற்கே அப்சர்வேட்டரி சாலையில் ஏறினால் ஆறு கிலோமீட்டரில் சூரிய ஆய்வகம். சாலையில் வாகனங்கள் அதிகம் என்பதால் நடையாக இதைப் பலரும் பரிந்துரைப்பதில்லை. நான் பரிந்துரைக்கிறேன். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், சூரியனில் ஏற்படும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அறிஞர்களிடையே வலுத்தது. அதை ஆராயச் சென்னையின் புழுதியும் ஈரமும் ஏற்றதாக இல்லை. தூசியற்ற உயரம் தேடி மிச்சி ஸ்மித் தேர்ந்தெடுத்த இடம் இது. சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899இல் ஆய்வகம் இங்கே நிறுவப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதை இங்கிருந்தே கண்டறிந்தார். உலகெங்கும் இன்றுவரை அது எவர்ஷெட் விளைவு என்று அழைக்கப்படுகிறது. சாலை திறக்கும் முன் நடந்த கண்டுபிடிப்பு அது. அதற்கு உதவிய கருவிகளும் ஏறி வந்தது அந்தப் பழைய வழிகளில்தான். மூச்சு வாங்க ஆய்வகத்து வாசலில் போய் நிற்கும்போது, சூரியனை அளந்த அறிவியலின் அடியில் எத்தனை தோள்கள் இருந்தன என்பது உடம்புக்கே உறைக்கிறது.

இனி ஊரின் உண்மையான நடைவழிக்கு வருவோம். வட்டக்கானலிலிருந்து தொடங்கி, டால்பின் மூக்கு என்ற பாறை முனையைக் கடந்து, வெள்ளகவி வழியாக, கும்பக்கரை அருவியின் அடிவாரம் வரை இறங்கும் பாதை. 1821இல் வார்டு ஏறி வந்த பக்கம் இதுதான்.

முதல் பகுதி பாம்பார் சோலையை ஒட்டிப் போகிறது. சோலை என்பது சும்மா காடு அல்ல. குட்டையான, நெருக்கமாக நிற்கும் மரங்கள், ஒவ்வொரு கிளையிலும் பாசி, அடியில் தலைமுறை தலைமுறையாக உதிர்ந்து மட்கிய இலைகள். அந்த மண் பஞ்சு போல மழையை உறிஞ்சிவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. இதை நேரில் பார்க்க வேண்டுமானால் டால்பின் மூக்குக்கு இறங்கும் பாதையில் ஓர் இடத்தில் குனிந்து பார்த்தால் போதும். பாதையின் நடுவே மர வேர்கள் படி போலக் குறுக்கே ஓடுகின்றன. அவற்றின் மேல்பட்டை செருப்பும் ஷூவும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகி மின்னுகிறது. வேருக்கு இரண்டு பக்கமும் மண் அரித்துப் போய், வேர் ஒரு முழ உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. பாதையிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சோலைக்குள் விரலை வைத்தால், கோடையிலும் விரல் ஈரமாக உள்ளே இறங்குகிறது. ஒரே மண், ஒரே சரிவு. மிதிபட்ட இடத்துக்கும் மிதிபடாத இடத்துக்கும் அவ்வளவு வேறுபாடு. வளைவைச் சுற்ற அலுத்துக்கொண்டு குறுக்கே இறங்கி ஒருவர் தடம் போட்டால் பத்துப் பேர் பின்தொடர்கிறார்கள். அடுத்த ஐப்பசி மழையில் அந்தக் குறுக்குத்தடம் ஓடையாகிவிடுகிறது. மலையில் குறுக்கு வழி வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான்.

ஊரைச் சுற்றி இப்போது அதிகம் தெரிவது சோலை அல்ல. பைன், தைலமரம், சீகை எனப்படும் வாட்டில் ஆகிய வெளிநாட்டு மரங்கள்தான். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், காகித ஆலைக்கும் என்று காலந்தோறும் நட்டவை. அவற்றில் பெரும்பகுதி நடப்பட்டது புல்வெளிகளில். வெற்றுத் தரிசு என்று அன்றைக்குக் கணக்கிட்ட அந்தப் புல்வெளிகள்தான் ஓடைகளின் ஊற்றுக்கண். பைன் காட்டுக்குள் நின்று ஒரு நிமிடம் காலடியைப் பாருங்கள். ஊசி இலைப் படுக்கையில் வேறு செடியே இருக்காது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மலையை நீலமாக்கும் குறிஞ்சிக்கும் உரிய நிலம் அந்தப் புல்வெளியே. கடைசியாகப் பூத்தது 2018. அடுத்தது 2030.

டால்பின் மூக்கோடு கூட்டம் நின்றுவிடும். அதற்குக் கீழே பாதை அமைதியாகிறது, கூடவே செங்குத்தாகவும் ஆகிறது. சரளைக் கற்கள் காலை வாருகின்றன. காபிச் செடிகளும் ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழ மரங்களும் கண்ணில் படத் தொடங்கினால் வெள்ளகவி வந்துவிட்டது என்று பொருள். தலைமுறை தலைமுறையாக வாகனச் சாலை இல்லாமலே வாழ்ந்த ஊர். மலைமேல் இருந்தால் கொடைக்கானல், கீழே இறங்கினால் பெரியகுளம். இரண்டுக்கும் நடைதான். விளைச்சல் குதிரை முதுகில் போகும், அரிசி பருப்பு குதிரை முதுகில் வரும். ஊருக்குள் திரும்பிய பக்கமெல்லாம் சிறு கோயில்கள். தெய்வங்கள் குடியிருக்கும் மண் என்பதால் ஊர்மக்கள் அங்கே செருப்புப் போட்டு நடப்பதில்லை. வருகிற விருந்தாளியும் ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வதே மரியாதை.

அந்த ஊரைப் பற்றி அழகாக மட்டும் எழுதிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. நோயாளியையும் பிரசவ வலியில் இருப்பவரையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய நிலையை வெள்ளகவி மக்கள் நெடுங்காலம் அனுபவித்து வந்திருக்கிறார்கள். சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் டோலியில் ஏறிய அதே மலைமுகம்தான். நடைவழி என்பது விடுமுறைக்கு வந்தவருக்கு இன்பம், வேறு வழியே இல்லாதவருக்குச் சுமை. சாலை கேட்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. பாதையின் பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்று வெளியூர்க்காரர் யாரும் அந்தக் கோரிக்கைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

வெள்ளகவிக்குக் கீழே பாதை கும்பக்கரையை நோக்கி இறங்குகிறது. வெயில் ஏறும், காற்று மாறும், சோலை போய் முள்மரங்களும் மூங்கிலும் வரும். கும்பக்கரை அருவியில் விழுவது மேலே வட்டக்கானல், பாம்பார்ப் பக்கம் தொடங்கிய நீர். கொடைக்கானலில் இரவு பெருமழை பெய்தால் மறுநாள் கும்பக்கரையில் வனத்துறை குளிக்கத் தடை விதிப்பது பெரியகுளத்துக்காரர்களுக்குப் பழகிய செய்தி. அப்படியானால், மேலே கலப்பதெல்லாம் கீழே வரும் என்பதும் உண்மையாகிறது. பாம்பார் சோலைக்கு மேலுள்ள முகட்டில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலக் கேடும், மண்ணில் கலந்த பாதரசமும் அதற்குப் பிறகு நீண்ட போராட்டங்களுக்கும் வழக்குகளுக்கும் காரணமாயின. அந்தத் தொழிற்சாலைக்கு இடம் தேர்ந்தவர்கள் இந்தச் சரிவில் ஒரு முறை நடந்து இறங்கியிருந்தால், தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்கள் காலே சொல்லியிருக்கும்.

வடக்குப் பக்க வழிகளைப் பற்றி மக்கள் அதிகம் பேசுவதில்லை. குறிஞ்சி ஆண்டவர் கோயிலின் பின்பக்கம் நின்றால் சமவெளியில் பழனி மலைக்கோயில் தெரியும். ஆஸ்திரேலியாவில் பிறந்து, சைவத்தைத் தழுவி, ஈழத்தின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் 1936இல் கட்டுவித்த கோயில் இது. அங்கிருந்து பழனி தெரிவது தற்செயல் அல்ல என்றே தோன்றுகிறது. மேல்மலைக்காரர்களுக்குப் பழனிதான் பழைய சந்தையும் பழைய சாமியும். வில்பட்டி வழியாகப் பழனிக்கு இறங்கும் தடத்தில் மலைப்பூண்டு மூட்டைகள் போயின, உப்பும் துணியும் வந்தன. பூம்பாறையில் குழந்தை வேலப்பரை வணங்கும் குன்னுவர்கள் பழனிக்கு நடந்து இறங்கிய வழியும் இந்தப் பக்கம்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இன்றைக்கு லாரியில் போகிறது.

நடக்க நினைப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தபின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாயின. காட்டுக்குள் போகும் தடங்களுக்கு வனத்துறையின் முன் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் நாற்பது தடங்களுக்கு இணையவழி முன்பதிவைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. இந்த ஏற்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன். வழிகாட்டியாக வருபவர் உள்ளூர்க்காரர் என்பதால், நடப்பவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மலையிலேயே தங்குகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான தீக்காலத்தில் தடங்களை மூடினால் யாரும் முணுமுணுக்கக் கூடாது. காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்தை மனிதக் கால்கள் வெல்ல முடியாது.

அனுமதி தேவையில்லாத ஊர்ப்பாதைகளிலும் எச்சரிக்கை வேண்டும். காட்டுமாடுகள் ஏரிக்கரை வரை வருகின்றன. பகலில் சாலையோரம் சாதுவாக மேய்வதைப் பார்த்து, பழகிய மாடு என்று நினைத்துப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்தவர்கள் காயம்பட்டிருக்கிறார்கள். பனியில் அவை பத்தடி தொலைவில் நின்றாலும் தெரியாது. நின்று, பின்வாங்கி, வழிவிடுவதே முறை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இங்கே பலமாக இறங்கும். செங்குத்தான தடங்கள் வழுக்கும், அட்டைகள் ஏறும். சனவரியும் பிப்ரவரி தொடக்கமும் வானம் தெளிந்த காலம்.

ஊருக்குள் நடப்பவரின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. வாகனக் கணக்கு தெரிய வந்தது நல்லதுதான். ஆனால் ஏழு ரோடு சந்திப்பிலிருந்து மூஞ்சிக்கல் வரை, நாயுடுபுரத்திலிருந்து ஏரி வரை, ஒரு முதியவர் கார்களுக்கு ஒதுங்காமல் நடந்துபோகத் தொடர்ச்சியான நடைபாதை கிடையாது. வாகனத்தைக் குறைக்கச் சொல்லும் ஊர், நடப்பதற்கு இடம் கொடுக்க வேண்டும். அதைவிடச் செலவு குறைந்த வேலை ஒன்றும் காத்திருக்கிறது. கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரையிலான பழைய சுமைவழி எங்கெங்கே உயிரோடு இருக்கிறது, எங்கே வேலிக்குள் போய்விட்டது என்பதை வருவாய்த் துறையும் வனத்துறையும் சேர்ந்து அளந்து பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்த வழியில் பாட்டன் பூட்டன் சுமை தூக்கியதைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் பெரியகுளம் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எந்த வளைவில் சுமை இறக்கினார்கள், எந்த ஊற்றில் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே மிச்சம்.